உங்களோடு கேட்பவர்கள்

“ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சர்வரை ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஓவரா தெரியல?” என்றாள் மேலாளர் வைஷாலி.

டச் ஸ்கிரீன் போன் புதிதாக வந்த காலத்தில் கபிலன் தன்னந்தனியாக உட்கார்ந்து எழுதிய பாட்டு ஆப் அந்த சர்வர் கணினியில்தான் ஓடியது. வானொலி மாதிரி நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு. அன்றைக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். இப்போது மிச்சம், சிங்கப்பூரின் செம்பவாங்கில் லாசரஸ் என்று ஒருவர்தான்.

“சரியான கஞ்சனா இருப்பார் லா! அந்தக் காலத்து போனையே கட்டிக்கிட்டு அழறார். நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை ஆஃப் பண்றோம்.”

போகிற வழியெல்லாம் கபிலனுக்கு எரிச்சல். தன் ஆப்பை மூடுகிற வருத்தத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே! லாசரஸின் அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் ஏறும்போது, “கஞ்சன்தான்” என்று அவனும் முடிவு கட்டிவிட்டான்.

கதவைத் திறந்தவருக்கு எழுபது இருக்கும். வீட்டில் வேறு ஆள் அரவமே இல்லை. மேசைமேல் பழைய போன் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு புது போன்.

“புது போன் இருக்கே அங்கிள்! அப்புறம் ஏன் இந்தப் பழசோட மல்லுக்கட்டுறீங்க?”

“மக வாங்கிக் குடுத்தது தம்பி. அதுல கேட்ட பாட்டெல்லாம் வருது. ஆனா இந்த ஆப் அதுல ஓடாது. இதை விட முடியாது.”

“ஏன்?”

லாசரஸ் பழைய போனை நீட்டினார். திரையின் அடியில் ஒரு வரி: ‘உங்களோடு கேட்பவர்கள்: 1.’

“இந்த மனுஷன் யாருன்னு தெரியல. முன்னாடி நூறு, இருநூறுன்னு காட்டும். ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. இவர் மட்டும் போகல. நான் எப்பத் திறந்தாலும் இருக்கார். என்னை மாதிரி தனிக்கட்டை போல, பாவம். நானும் விட்டுட்டா அவருக்கு யாருப்பா இருக்கா?”

கபிலன் அந்த எண்ணை மறுபடி பார்த்தான்.

ஆப்பை எழுதியவன் அவன். கேட்பவர்களை எண்ணும்போது, போனைக் கையில் வைத்திருப்பவரைக் கழிக்க மறந்திருக்கிறான். இத்தனை வருஷம் அது கண்ணிலேயே படவில்லை. அந்த ஒருவர் லாசரஸேதான்.

அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் போட்டுக் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு இறங்கினான்.

கீழே வந்ததும் வைஷாலி அழைத்தாள்.

“என்ன, சொல்லிட்டீங்களா? ஆஃப் பண்ணிடலாம்ல?”

“வேணாம். அந்த சர்வரை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். குவீன்ஸ்டவுன் வீட்ல நான் மட்டும்தானே, இடம் நிறைய இருக்கு.”

“பைத்தியமா உங்களுக்கு? ஒரே ஒரு ஆளுக்காகவா?”

சோதித்துப் பார்க்க எப்போதோ வாங்கிய பழைய போன் ஒன்று பையில் கிடந்தது. கபிலன் அதை எடுத்து ஆப்பைத் திறந்தான். மேலே வீட்டில் லாசரஸ் கேட்டுக்கொண்டிருந்த அதே பாட்டு வந்தது.

“இல்ல வைஷாலி, ரெண்டு பேர்.”