ஆண்கள் பக்கத்து மைக்

ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஜெயகரன், மிக்ஸரில் பெண்கள் பக்கத்து மைக்கின் குமிழை மறுபடியும் முழுக்கத் திறந்தார். ஒரு கூட்டமே ஒன்றாகப் பாடியது. அதில் தன் மகள் ரோஸின் குரல் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெற்ற தகப்பனுக்கே தெரியவில்லை. மனுஷர் அழாத குறை.

அறை மூலையில் அவர் மனைவி டோரதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கஞ்சித் தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. ரோஸ் ஏன் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று சத்துவாச்சாரி முழுக்க ஆளுக்கொரு கதை சொன்னது. ஜெயகரனுக்கு இப்போது காரணம்கூட வேண்டாம். மகளின் குரலை ஒருமுறை கேட்டால் டோரதி வாய்விட்டு அழுவாள், அழுதால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார். அவளையும் பறிகொடுக்க அவரிடம் தெம்பில்லை.

ரோஸின் குரல் மிச்சமிருந்தது இந்த டேப்பில் மட்டும்தான். எண்பத்தாறு கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழுவை வைத்து அவரே பதிவு செய்தது.

நான்கு மைக், டேப்பில் ஒவ்வொன்றுக்கும் தனித் தடம். கேசட் போடுவதற்காகக் கலந்தபோது, கோயிலில் உட்காரும் வழக்கப்படியே பெண்களை இடது ஸ்பீக்கருக்கும் ஆண்களை வலது ஸ்பீக்கருக்கும் தள்ளினார். ஆர்மோனியத்தை நடுவில் வைத்தார். வயலினைக் கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுக்கினார். கண்ணை மூடினால் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது என்று ஆம்பூர் வரைக்கும் பேர் வாங்கிய வேலை.

அந்தப் பேரை இப்போது தூக்கிக் குப்பையில் போடலாம்.

பெண்களை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஆர்மோனியத்தை மூடினார். பாட்டை முதலிலிருந்து ஓட்டினார். ஞானசுந்தரியின் கட்டைக்குரல் கேட்டது, யாரோ ஒருத்தி சுருதி விலகியது கேட்டது. ரோஸ் மட்டும் இல்லை. கர்த்தரே, ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று வாய்விட்டுக் கெஞ்சினார்.

மிச்சமிருந்தது வயலின் மட்டும் வாசிக்கும் இடம். கேசட்டுக்குக் கலக்கும்போது அங்கே பாடுகிறவர்களின் தடங்களை மூடிவிடுவது அவர் வழக்கம். இருமலும் புடவைச் சரசரப்பும் கேசட்டில் எதற்கு?

வேறு போக்கிடம் இல்லாமல் இப்போது வயலினை மூடினார். பெண்கள் பக்கத்தில் இருமல்தான் கேட்டது. ஆண்கள் பக்கத்தைத் திறந்தார்.

"பயப்படாத சேகர். அப்பாகிட்ட நானே சொல்றேன், அவரு ஒத்துக்குவாரு."

ரோஸ்தான். கிசுகிசுப்பாக, ஆனால் அட்சரம் பிசகாமல் ரோஸ்தான். பெண்கள் வரிசையின் கடைசியில், ஆண்களை ஒட்டி நின்றிருக்கிறாள். பக்கத்தில் நின்றவன் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் இன்பசேகரன். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கிய பையன்களில் ஒருவன். அவன் தேம்பியதைப் பார்த்து இவரேதான் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அவள் வந்து சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு நாள் கத்தியிருப்பார், பிறகு சரி என்றிருப்பார். அது அவளுக்குத் தெரிந்தும் இருக்கிறது. பின் ஏன் சொல்லாமல் போனாள்?

டேப்பைப் பின்னால் ஓட்டினார். ஆண்கள் பக்கத்தை வலமிருந்து நடுவுக்குத் திருப்பி, இரண்டு காதிலும் கேட்கும்படி வைத்து, ஹெட்போனை டோரதியின் தலையில் மாட்டினார்.

டோரதி கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்ததைப் பார்த்ததும் ஜெயகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்கிட்டதாங்க மொதல்ல வந்து சொன்னா. இது அப்பா காதுக்குப் போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."