பந்தய சைக்கிளின் வயது

“இந்த ரேஸ் சைக்கிள் எந்த வருஷத்து மாடல்?” என்று பழைய வண்டிக் கண்காட்சிக்காரர் கேட்ட நாளிலிருந்து அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவின் ஒரே மிச்சம் அது. நான்கு கடை ஏறி இறங்கியும் பதில் கிடைக்கவில்லை.

“வருஷம் எதுக்குடி? உங்கப்பா அதை ஓட்டி நானே பார்த்திருக்கேன், போதாதா?” என்று ஐந்தாவது கடையிலும் அம்மா சலித்துக்கொண்டாள்.

மெக்கானிக் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பெயிண்ட்டைச் சுரண்டி எண்ணைப் படித்தார். “எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டிம்மா.”

“நல்லாப் பாருங்கண்ணே! நான் பொறந்ததே எண்பத்திரண்டு.”

“கியர், பிரேக் எல்லாமே அதே வருஷம்தான்.”

அவள் எரிச்சலோடு திரும்பினாள். “என்னம்மா இது? எனக்கு ஏழு வயசாகுறப்போ அப்பா உயிரோடவா இருந்தாரு?”

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.