உப்புப் பத்தலை

வேப்பந்தட்டையில் நடந்த மறதி நோய் முகாமுக்குப் போய்வந்த மறுநாளே, புருஷனைப் பழிவாங்க வீரம்மாளுக்கு வழி கிடைத்துவிட்டது.

“தினமும் நீதான சமைப்ப, மறந்துட்டியா?” என்று அடுப்படிக்குத் தள்ளினாள். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அங்கமுத்து, வெங்காயம் உரித்தார்.

ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்புப் பத்தலை” என்று தட்டை வாசலில் வீசினாள். அதே குறைக்காக அவர் முன்பு கொதிக்கிற குழம்பை ஊற்றிய தழும்பு அவள் கையில் இருந்தது.

மாத்திரையோடு நர்ஸ் சசிகலா வந்தாள். “ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு, மருந்துக்குக் கேக்கும்.”

“அந்த மறதிக்காரன்கிட்ட குடு” என்றாள் வீரம்மாள்.

சசிகலா அங்கமுத்துவிடம் கிசுகிசுத்தாள். “நோயி அவங்களுக்குத்தான்னு சொல்லலையா நீங்க?”

“சொன்னேம்மா. அதை மறந்துட்டா. நான் ஊத்துன குழம்பை மட்டும் மறக்கலை.”