மூன்றாவது எச்சரிக்கை

“ரோட்டைப் பாருங்கப்பா. அம்மா எங்கேயும் ஓடிப்போயிர மாட்டாங்க.”

பின்சீட்டிலிருந்து அருள்குமார் சொல்லி வாய் மூடவில்லை, காரின் ஸ்டீயரிங் நடுங்கியது. திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: ‘ஓட்டுநர் கவனம் சாலையில் இல்லை. முதல் எச்சரிக்கை.’

திருமூர்த்தி சட்டென்று முகத்தை முன்னால் திருப்பினார். பக்கத்து சீட்டில் இருந்த பொற்கொடி பேச்சைப் பாதியில் விழுங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கு அப்புறமும் பெண்டாட்டி வாயைத் திறந்தால் முகத்தையே பார்க்கிற புருஷன், அவர்கள் குடியிருக்கிற கணபதி வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான். சொந்தக்காரர்கள் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள், கார்தான் ஓய்வேனா என்கிறது.

“பட்டறைப் பழக்கம்,” என்று அவர் தானாகவே முனகிக்கொண்டார். “மிஷின் சத்தத்துல மூஞ்சியப் பாத்தே பேசிப் பழகிருச்சு. போன மாசம் அப்டேட் போடறதுக்கு முன்னால இந்தக் காரு ஒரு நாளாவது என்னைய இப்படித் தொந்தரவு பண்ணியிருக்குமா?”

சர்வீஸ் சென்டரில் அருள்குமார் இதை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

“முன்னாடியும் இதே கேமராதானுங்க சார். அப்பவும் பீப் பீப்புன்னு கத்தியிருக்கும். இப்ப ஸ்டீயரிங்கும் சேந்து நடுங்கும், மூணாவது தடவை காரே ஓரமாப் போய் நின்னுக்கும். அவ்வளவுதானுங்க வித்தியாசம்,” என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பொய் சொல்கிறார் என்று நினைக்கவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

ஆனால் விஷயம் அவன் மகள் நந்திதாவைப் பற்றியது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. தினமும் தானே காரில் கொண்டுபோய் விடுவதாகத் தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டார், அவளும் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இன்றைக்கு மதுக்கரை மாமா வீடு வரைக்கும் மூன்றாவது எச்சரிக்கை வராமல் ஓட்டிக்காட்டினால் சரி, இல்லாவிட்டால் சாவி டிரைவர் கைக்குப் போகும் என்று காலையில் அப்பாவின் எதிரில் நின்று கறாராகச் சொல்லியிருந்தான். டிரைவர் என்றதும் மனுசன் முகம் செத்துவிட்டது.

குனியமுத்தூரில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது.

“ஏனுங்க, பாத்துங்க,” என்றாள் பொற்கொடி, பழக்க தோஷத்தில்.

திருமூர்த்தி பிரேக்கை அழுத்தினார். ஆனால் கண் அவள் பக்கம் போய்விட்டது. ஸ்டீயரிங் மறுபடியும் நடுங்கியது. இரண்டாவது எச்சரிக்கை.

அதற்கப்புறம் பொற்கொடி வாயே திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கம்மா, மௌன விரதமா?” என்று அருள்குமார் சீண்டினான். அவள் திரும்பி, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

திருமூர்த்தியும் எதற்கும் அசையவில்லை. கழுத்தைக் கூடத் திருப்பாமல், பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ரோட்டிலேயே கண்ணாக இருந்தார். பாவம், பேத்திக்காக மனுசன் இந்தப் பாடுபடுகிறாரே என்று அருள்குமாருக்கு மனசு இளகியது.

மதுக்கரை நெருங்கும்போது பின்னால் ஒரு சிமெண்ட் லாரி வந்து ஒட்டிக்கொண்டது. வழி கேட்டு ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது, பிறகு கையை எடுக்காமல் அடித்தது.

“வழி விடுங்கப்பா.”

திருமூர்த்தி விடவில்லை. வலப்பக்கத்தை விட்டு இம்மியும் நகராமல் போய்க்கொண்டிருந்தார். அருள்குமாருக்கு எரிச்சல் வந்தது. ரோட்டில் என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது?

பொற்கொடி எதையோ சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். அடுத்த கணம் லாரி பொறுமை இழந்து இடப்பக்கமாகவே புகுந்து வந்தது. அவள் ஓரத்துக் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து முன்னால் பாய்ந்தது. அவள் கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கிருந்துடா வந்தான் இவன்?” என்றார் திருமூர்த்தி, விக்கித்துப்போய்.

“அத்தனை நேரமா ஹாரன் அடிச்சானுங்களே,” என்றான் அருள்குமார் பின்னாலிருந்து.

அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை.

கடைசி வரைக்கும் மூன்றாவது எச்சரிக்கை வரவேயில்லை. மாமா வீட்டு வாசலில் வண்டியை அழகாக நிறுத்திவிட்டு, திருமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முதுகைப் பார்த்தாலே அவருடைய சந்தோசம் தெரிந்தது.

அருள்குமாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கேமராவை நம்பி அப்பாவைச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது.

“ஜெயிச்சுப்போட்டீங்கப்பா,” என்றான். “நாளையில இருந்து நந்திதாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க.”

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா, நான் பேசுனது தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க,” என்று குரலை உயர்த்திச் சொன்னான். அதற்கும் முதுகு அசையவில்லை.

“பாருங்கம்மா, எவ்வளவு கோவம்னு.”

பொற்கொடி மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். லாரி போன திசையையும் கணவனின் முதுகையும் ஒரு முறை பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

“கோவமெல்லாம் இல்ல கண்ணு. அப்பாவுக்குக் காது கேக்கறதேயில்ல.”