மூலைக்கல்லின் ஈரம்

கூடத்துச் சுவரில் பழைய சாந்தைக் கொத்தி எடுத்து, கருங்கல் வெளியே தெரிய விட்டிருந்தார்கள். கம்பி பிரஷ் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் காயவும் விட்டாயிற்று. இனி கல்லின் துளைகளை அடைத்துப் பளபளப்பாக்கும் சீலர் பூச வேண்டியதுதான்.

சீலர் கறாரான ஆசாமி. "நான் பூசினா பூசினதுதான். யாருக்காவது உள்ளே ஈரம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எங்கிருந்து வருதுன்னு பார்த்துச் சரிபண்ணாம வேலையைத் தொடங்க மாட்டேன்" என்றது.

அடிவரிசை மூலைக்கல்லுக்குப் பகீரென்றது. அதன் முதுகுப்பக்கம் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. வயிறு முழுக்கத் தண்ணீர்.

"நாளைக்குக் கிரகப்பிரவேசம். யாரும் வாயைத் திறந்து கெடுத்துடாதீங்க" என்றது பக்கத்துக் கல்.

மேலிருந்து பூச்சு இறங்கி வந்தது. பூசப் பூச ஒவ்வொரு கல்லுக்கும் மினுமினுப்பு ஏறியது, பேச்சு அடங்கியது.

கம்பி பிரஷ் மூலையில் குனிந்து கேட்டது. "உன்னைத் தேய்ச்சவன் நான். முகம் சரியில்லையே. ஈரமா இருக்கா?"

மூலைக்கல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "எனக்கென்ன, காஞ்சுதான் கிடக்கேன்."

சீலர் அதையும் பூசிவிட்டுப் போனது.

மறுநாள் வந்தவர்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மூலைக்கல்தான் எல்லாவற்றையும்விடப் பளபளப்பு என்றார்கள். உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் அதன் முகத்தை முட்டிக்கொண்டிருந்தது.

பரணுக்குப் போகிற வழியில் பிரஷ் நின்றது. "சௌக்கியம்தானே?"

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட மூலைக்கல் வாயெடுத்தது. பூச்சு இறுகியிருந்தது.

பிரஷ் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தது. "சௌக்கியம்தான் போல" என்று பரணுக்கு ஏறிவிட்டது.