யார் சொன்னது?

மில் மொட்டைமாடியில் அந்த ரிப்பீட்டர் பெட்டியைப் பொருத்தியவள் நான்தான். வாக்கி டாக்கியில் பேச்சு பாதியில் அறுந்தால், பேசியவர் குரலிலேயே மீதியை அது சொல்லி முடிக்கும். முதலாளி நயமாகக் கேட்டார் என்று, அது பழகுவதற்கு என் குரலைத்தான் முதலில் கொடுத்தேன்.

இன்று பாய்லர் அறையில் புகையைப் பார்த்ததும், "யாரும் உள்ள வராதீங்க" என்று கத்தினேன். 'யாரும்' வரைதான் போயிருக்கிறது.

மில் ஆஸ்பத்திரியில், பாய்லர் அறையில் வேலை பார்க்கும் எஸ்தர், தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட கையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டாள்.

"யாரும் பயப்படாதீங்க, வேலையப் பாருங்கன்னு நீதானக்கா சொன்ன."

"நான் இல்லடி, அந்தப் பெட்டி."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

என் இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"புகை அடங்கிடுச்சு, அடுத்த ஷிப்டு உள்ள வாங்க" என்றது என் குரல்.

எஸ்தர் என் மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.