ஸ்பீக்கர் இளகும் வரை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு குரலின் கதை சொல்கிறேன்.

மனைவி செல்லக்கிளி இறந்துபோனபிறகு பொன்னையாவிடம் மிஞ்சியது, அவள் கைபேசியில் அனுப்பிய ஒரே ஒரு குரல்பதிவுதான். “ஏங்க, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. வாடினது வேணாம்.” கைபேசியில் அது கொசு பாடுவதுபோல் மெலிந்து கேட்டது. எதிரே நின்று பேசுவதுபோல் கேட்க ஆசைப்பட்டுப் பெரிய ஸ்பீக்கர் வாங்கிவந்தார். அதிலோ குடத்துக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

“புதுசுல இறுக்கமாத்தான் சார் இருக்கும்,” என்றார் கடைக்காரர். “ஏதாவது பாட்டை விடாம ஓட விடுங்க, இளகிடும்.”

பாட்டுக்கு எதற்கு இளகவேண்டும், அவளுக்கல்லவா இளகவேண்டும் என்று பொன்னையா அந்தப் பதிவையே பகலெல்லாம் ஓடவிட்டார். பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கட்டுக் கொத்தமல்லியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஒருநாள் காலை அச்சு அசலாகச் செல்லக்கிளியே பேசினாள். ஸ்பீக்கர் வாங்கிய அன்று கூட இருந்து கேட்ட மகள் பூங்கோதையை உடனே வரவழைத்தார்.

“அன்னைக்குக் கேட்டதேதான்ப்பா. எதுவும் மாறல. அம்மா குரல் இப்படியா இருக்கும்?”

பொன்னையா கண்களை மூடிப் பழைய குரலைத் தேடினார். அவள் சிரித்தது, சண்டை போட்டது, ஆஸ்பத்திரியில் முனகியது எல்லாமே ஸ்பீக்கரின் குரலில்தான் வந்தன.

“அப்ப அவ எப்படிம்மா பேசுவா? நீ பேசிக் காட்டேன்.”

பூங்கோதை வாயைத் திறந்தாள். “ஏங்க” என்றாள், அவளும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

உங்கள் வீட்டில் கூப்பிட்டால் ‘என்ன’ என்று கேட்க என்றைக்கும் ஆள் இருக்கட்டும், என் செல்லங்களே.